பிள்ளை நித்திரையான பிறகுதான் படம் கீற வேண்டுமா?

கலையும் வீடும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கனக்க ஒரே விசயத்தைச் சுற்றியே இருந்தன. பிள்ளை வளர்ப்பு, நோயாளி பராமரிப்பு, இடையில் நின்றுபோன படம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர்கள் வேண்டாம்.

கேள்வி: அக்கா, எனக்கு முப்பத்தொரு வயது. மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படித்தேன். மூத்தவளுக்கு இரண்டரை வயது, சின்னவனுக்கு ஏழு மாதம். மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது தொடங்கிய பெரிய ஒயில் பெயின்ரிங் ஒன்று பாதியில் அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. எல்லோரும் “பிள்ளைகள் வளரட்டும், பிறகு கீறலாம்” என்கிறார்கள். காத்திருந்தால் கை மறந்துபோகுமா? (உப்புவெளி)

பதில்: கை மறக்காது தங்கச்சி. கொஞ்சம் இறுகும், விடாமல் சில வாரம் கீறினால் இளகிவிடும். எனக்குப் பயம் அந்தப் “பிறகு”தான். அதற்கு வீட்டில் ஒருவரும் திகதி சொல்வதில்லை, கவனித்தீர்களா? முன்பள்ளி வரும், பிறகு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வரும், பிறகு ஓ.எல்., ஏ.எல்., அதற்குள் மாமியோ அம்மாவோ படுக்கையில் விழுவார், அவரைப் பார்ப்பதும் நீங்கள்தான் என்று யாரும் கதைக்காமலே முடிவாகியிருக்கும். அதனால் காத்திருக்க வேண்டாம். இப்போதே தொடங்குங்கள். ஆனால் முன்பு கீறிய மாதிரியே கீறவேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம்.

பிரான்சில் எட்மா மொரிசோ, பெர்த் மொரிசோ என்று அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே ஓவியம் படித்தார்கள், 1864இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இரண்டு பேருடைய படங்களும் தொங்கின. 1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு லோரியோன் என்ற துறைமுக ஊருக்குப் போனார். அவருடைய ஓவியம் ஏறக்குறைய அத்தோடு நின்றுவிட்டது. 1872இல் தங்கை பெர்த் ‘தொட்டில்’ என்று ஒரு படம் கீறினார். மெல்லிய வலைக்குப் பின்னால் குழந்தை நித்திரை, பக்கத்தில் கன்னத்தில் கையூன்றி அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண். அந்தப் பெண் எட்மாதான். சலோனில் படம் வைத்தவர் இன்னொருவர் கீறிய படத்துக்குள் தாயாக இருக்கிறார். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நிற்கிறார்கள், அந்தப் பெண்ணும் கீறினவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் தங்கை துணிச்சல்காரி, அக்கா கோழை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பெர்த்தும் 1878இல் தாயானார், ஜூலி என்று ஒரே மகள், அவர் கீறுவதை நிறுத்தவில்லை, மகளையே திரும்பத் திரும்பக் கீறினார். உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் காசு இருந்தது, பிள்ளைக்குப் பால் கொடுக்கவே சம்பளத்துக்கு ஒரு பெண் இருந்தார். அந்தப் பெண் ஜூலிக்குப் பால் கொடுப்பதையும் பெர்த் 1880இல் படமாகக் கீறியிருக்கிறார். தாய் தூரிகை பிடித்திருந்த அந்த நேரம் முழுக்கப் பிள்ளையைப் பிடித்திருந்தது வேறொருத்தியின் கை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது கையைப் பற்றி அல்ல. உங்களுடைய அந்த ஒரு மணித்தியாலத்தை உங்கள் வீட்டில் யார் தரப்போகிறார்? நேரம் வெளியில் இருந்து வராது. நீங்கள் கீறுகிற நேரத்தில் யாரோ ஒருவர் சின்னவனைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், யாரோ ஒருவர் சோறு வடிக்க வேண்டும். அந்த ஆளின் பெயரைச் சொல்லி, கிழமையைச் சொல்லி, மணியைச் சொல்லி வீட்டில் கதையுங்கள். “நேரம் கிடைத்தால் கீறு” என்று சொல்கிறவரிடம், சனிக்கிழமை காலை எட்டில் இருந்து பத்து வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு என்று நேராகச் சொல்லுங்கள். அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றால் அம்மாவுக்கும் ஓய்வுநாள் வேண்டும், அம்மம்மாமாரின் நாரியும் முழங்காலும் நம்முடைய கலைக்கு இலவசமாக எழுதிவைத்த சொத்து அல்ல.

இரவில் எல்லோரும் படுத்த பிறகு கீறலாம்தானே என்பார்கள். பார்பரா ஹெப்வேர்த் என்ற பிரிட்டிஷ் சிற்பிக்கு 1934இல் ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள், அதற்கு முன்னரே ஒரு மகன். 1939இல் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கும்போது பிள்ளைகளோடு கோர்ன்வோலில் சென்ற் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே பகல் முழுக்கப் பிள்ளைகளும் தோட்டமும் வீட்டுவேலையும், இரவில்தான் கொஞ்சம் கீற முடிந்தது, கல்லில் கைவைக்க வழியே இல்லை. அந்தக் காலத்துச் சின்னச் சின்ன வரைபடங்களில்தான் அவருடைய பிந்திய சிற்பங்களின் வடிவங்கள் முளைவிட்டன என்று நான் நம்புகிறேன். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் ஏழு மாதப் பிள்ளைக்கு இரவில் பால் கொடுக்கிற தாய்க்கு அதையே வழியாகச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் நித்திரையை எடுத்துத்தான் படம் வரவேண்டும் என்றால் மூன்றாம் மாதத்தில் உடம்பு உங்களை நிறுத்திவிடும்.

இனிச் சாமான். ஒயில் பெயின்ற்றை இப்போதைக்கு மூடிவையுங்கள். ரேர்ப்பன்ரைன் மணம் பிள்ளை படுக்கிற அறையில் இருக்கக் கூடாது. பழைய வெள்ளை நிறங்கள் சிலவற்றில் ஈயம் இருக்கும், சில மஞ்சள், சிவப்புகளில் கட்மியம் இருக்கும், தவழ்கிற பிள்ளை கையில் அகப்பட்டதை வாயில்தான் வைக்கும். லின்சீட் ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடாகிப் பற்றும், இது பலருக்குத் தெரியாது, தண்ணீர் விட்ட மூடியுள்ள டின்னில் போடுங்கள். சோக் பாஸ்ரலும் வேண்டாம், தூள் பறக்கும். வோட்டர் கலர், இந்தியன் இங்க், பென்சில், இவை போதும். அக்ரிலிக் நல்லதுதான், ஆனால் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் ஊரில் நீங்கள் பிள்ளையைத் தூக்கிவிட்டு வருவதற்குள் தட்டில் காய்ந்துவிடும், ஈரத் துணிக்கு மேல் எண்ணெய்த்தாள் விரித்து அதில் நிறத்தை வையுங்கள். தூரிகை கழுவுவதைக் குசினியில் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். எந்த நிமிடத்திலும் கீழே வைத்துவிட்டுப் போகக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுங்கள். ரூத் அசாவா என்று ஒரு அமெரிக்கச் சிற்பி, ஜப்பானிய வம்சாவளி. யுத்தகாலத்தில் குடும்பத்தோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர், அங்கேதான் படம் கீறப் பழகினார். முகாம் வாழ்க்கை கண்ட நம் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. 1947இல் மெக்சிக்கோவில் கூடை பின்னுகிறவர்களிடம் கம்பியை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னப் பழகிக்கொண்டு வந்தார். 1950களில் ஆறு பிள்ளைகள். தரையில் பிள்ளைகள் விளையாட நடுவில் இருந்து பின்னிக்கொண்டிருக்கிற அவருடைய புகைப்படம் பிரபலமானது. அந்த வேலையை யோசித்துப் பாருங்கள். காயும் என்ற பயம் இல்லை, ஊறும் என்ற பயம் இல்லை. பிள்ளை அழுதால் அந்த வளையத்தோடு நிறுத்தலாம், திரும்பி வந்து அடுத்த வளையம். இன்று உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்களில் கூரையில் இருந்து தொங்குகின்றன அவை. வீட்டு நேரத்துக்குப் பொருந்தின வேலை என்பதால் கலையில் ஒரு குறையும் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்கிற முதல் வேலை: சின்னவன் மத்தியானம் நுளம்புவலைக்குள் படுக்கும்போது பக்கத்தில் இருந்து வலையை மட்டும் கீறுங்கள். பிள்ளையைக் கீறப்போனால் முகம் வரவில்லை என்று மனம் சோரும். வலை மேலே முடிச்சில் குவிந்து, பிறகு விரிந்து, கட்டிலின் ஓரத்தில் மெத்தைக்குள் செருகுகிற இடத்தில் மடிந்து நிற்கும், உள்ளே பிள்ளையின் குதிக்கால் வலையை ஒட்டித் தள்ளுகிற இடத்தில் மட்டும் கண்ணிகள் பெரிதாகி வெளிச்சம் கூடத் தெரியும். அந்த ஒரு இடம் போதும் ஒரு வாரத்துக்கு. அலுமாரிக்குப் பின்னால் நிற்கிற பெரிய படத்தைச் சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளிவையுங்கள், மாரியில் சுவர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதை முடிக்கிற காலம் வரும்.

கேள்வி: என் மனைவி களிமண் சிற்பம் செய்கிறவர். மகனுக்கு ஒன்றரை வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிள்ளையைப் பார்க்கிறேன், நீ வேலை செய் என்று சொல்கிறேன். ஆனால் அவர் அந்த நேரத்தில் படுத்து நித்திரை கொள்கிறார், இல்லையென்றால் உடுப்பு மடிக்கிறார். ஆர்வம் போய்விட்டதா? (பாலையூற்று)

பதில்: தம்பி, கேட்டதற்கு நன்றி. ஆர்வம் போகவில்லை, அவருக்கு நித்திரை போதவில்லை. முதல் சில ஞாயிறு நித்திரைக்குத்தான் போகும், போகட்டும். கடன் தீர்ந்த பிறகுதான் களிமண்.

அடுத்தது, நீங்கள் பிள்ளையை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்? வீட்டுக்குள்ளேயே என்றால் அது கணக்கில் வராது. ஒன்றரை வயதுப் பிள்ளை அம்மாவின் குரல் கேட்கிற தூரத்தில் இருந்தால் அம்மாவிடம்தான் ஓடும், அவரும் காதை அந்தப் பக்கமே வைத்திருப்பார். வெளியில் கொண்டுபோங்கள். வெயில் ஏறமுதல் திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போகலாம், கோட்டைக்குள் மான்களைக் காட்டலாம், கோணேசர் கோயில் வாசல்வரை தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். போகும்போது தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, பிஸ்கட், எல்லாம் நீங்களே எடுத்து வையுங்கள். “அது எங்கே, இது எங்கே” என்று அவரைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை அவர் தலையில்தான் இருக்கிறது.

உண்மையில் கையைவிடத் தலைதான் களைக்கிறது. அடுத்த கிளினிக் எப்போது, ஊசி போட்டதா, பால்மா எத்தனை நாளைக்கு வரும், சப்பாத்து சின்னதாகிவிட்டதா, கலியாண வீட்டுக்கு என்ன கொடுப்பது, இதெல்லாம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிற தலைக்குள் ஒரு உருவம் வந்து நிற்க இடமில்லை. சிற்பிக்கு ஒன்றும் செய்யாமல் மண்ணைப் பிசைந்துகொண்டு சும்மா இருக்கிற நேரம் வேண்டும், அந்த நேரத்தில்தான் வேலை தொடங்குகிறது. கிளினிக் அட்டையை உங்கள் பொறுப்பில் எடுங்கள். திகதி நினைவு வைப்பது, கூட்டிப்போவது, வரிசையில் நிற்பது, மூன்றும். உடுப்பு மடிப்பதும் இனி உங்கள் வேலை. அப்புறம் பாருங்கள்.

கேள்வி: நான் ஓவிய மாணவி. இறுதி ஆண்டுக்கு என் அக்காவின் பிரசவத்தையும் அதற்குப் பிறகான மாதங்களையும் பொருளாக எடுக்க விரும்புகிறேன். “தாய்மை எல்லாம் பெண்களின் சின்ன விசயம், பெரிய பொருளாக எடு” என்று ஒருவர் சொல்லிவிட்டார். (தம்பலகாமம்)

பதில்: எல்லோரும் பிறந்துதான் வந்தோம், எல்லோரையும் யாரோ ஒருவர் கழுவித் துடைத்துத்தான் வளர்த்தார், இதைவிடப் பெரிய பொருளை அவர் எங்கே கண்டார் என்று தெரியவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு உதவும். ஆனால் பதில் சொல்ல வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

மியர்ல் லாடர்மன் யூக்லிஸ் என்ற நியூயோர்க் கலைஞர் பிள்ளை பெற்ற பிறகு, 1969இல், பராமரிப்பையே கலை என்று அறிவித்து ஒரு அறிக்கை எழுதினார். கூட்டுவது, கழுவுவது, பிள்ளையைப் பார்ப்பது, இவை இல்லாவிட்டால் எதுவும் ஓடாது, ஆனால் இவற்றுக்கு மதிப்பில்லை, அப்படியென்றால் நான் இவற்றையே அருங்காட்சியகத்தில் செய்கிறேன் என்பதுதான் அவருடைய வாதம். 1973இல் அருங்காட்சியகத்தின் படிகளைக் கழுவித் துடைத்தார், பார்வையாளர்கள் முன்னால். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் தான் செய்வதையும் தெருவில் குப்பை அள்ளுகிறவர் செய்வதையும் ஒன்றாகப் பார்த்தார். 1979இல் தொடங்கி நியூயோர்க் நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் நேரில் போய்க் கைகொடுத்து, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். பிள்ளைத்துணி துவைத்த கையில் இருந்து ஒரு நகரம் முழுக்கப் போன வேலை அது. இதைச் சின்ன விசயம் என்று யார் சொல்வது?

மேரி கெல்லி என்ற கலைஞர் 1973இல் மகன் பிறந்த பிறகு, அவனுடைய வளர்ச்சியையும் தன்னுடைய பதற்றங்களையும் ஆவணங்களாகச் சேர்த்து வைத்தார். 1976இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது பத்திரிகைகள் கூச்சல் போட்டன, காரணம் அதில் பிள்ளையின் கறைபட்ட அணையாடைத் துணிகளும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. அதில் ஒரு இடத்திலும் தாயும் பிள்ளையும் கொஞ்சுகிற படம் இல்லை. இதை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம்முடைய இடத்தில் தாய்மை என்றால் உடனே மடியில் பிள்ளை, பின்னால் ஒளிவட்டம் என்றுதான் கை போகும். அக்காவின் வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தியச் சாப்பாட்டுத் தட்டு, காயத்துக்குச் சுடுதண்ணீர், பார்க்க வருகிற பெண்கள் கட்டிலோரம் இருந்து சொல்கிற புத்திமதிகள். அவற்றைக் கீறுங்கள். அக்காவிடம் அனுமதி கேட்டு, எதைக் காட்டக்கூடாது என்று அவர் சொல்கிறாரோ அதை விட்டுவிட்டு.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். நான்தான் பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும்போது அவரைக் கீறுகிறேன், அது எனக்கு ஆறுதல். ஆனால் அவருக்கு விளங்காத நேரத்தில் கீறுவது பாவமோ என்று இருக்கிறது. (மூதூர்)

பதில்: பக்கத்தில் இருந்து அவ்வளவு நேரம் ஒரு முகத்தைப் பார்ப்பது பாவம் இல்லை, நோயாளியை அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. சுவிஸ் ஓவியர் ஃபெர்டினான்ட் ஹோட்லர் தன் துணைவி வலன்ரீன் புற்றுநோயில் படுத்ததில் இருந்து 1915இல் இறக்கும்வரை கீறிக்கொண்டே இருந்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆனாலும் வலன்ரீன் இதை விரும்பினாரா என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருந்ததில்லை.

உங்கள் அம்மா தெளிவாக இருக்கிற காலைநேரம் ஒன்றில் படத்தைக் காட்டுங்கள். சிரிக்கிறாரா, தள்ளிவிடுகிறாரா? சொல்லாக வராவிட்டாலும் முகம் சொல்லும். தள்ளினால் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைக் கீறுங்கள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிற பழக்கம் இந்த நோயாளிகள் பலருக்கு இருக்கும், அதையே ஒரு வரிசையாகக் கீறலாம். குளிக்க வைக்கும்போதும் உடை மாற்றும்போதும் வேண்டாம். பேஸ்புக்கிலும் போட வேண்டாம், எத்தனை பேர் பாராட்டினாலும். இவை உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கிற தாள்கள், கண்காட்சி பற்றிப் பிறகு யோசிக்கலாம். பென்சிலை எடுக்கமுதல் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

கேள்வி: பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பாட்டும் வரவில்லை, கீறவும் பிடிக்கவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்? (நிலாவெளி)

பதில்: பயிற்சி ஒன்றும் வேண்டாம் தங்கச்சி, கலையை இப்போது மறந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரத்து அழுகை பலருக்கும் வரும், தானாகப் போகும். இரண்டு மாதமாகியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய், உங்கள் குணத்தில் குறை இல்லை. வீட்டுக்கு வருகிற மிட்வைஃப்பிடம் எனக்கு எழுதின இதே வசனங்களை அப்படியே சொல்லுங்கள், கிளினிக்கில் டொக்டரிடமும் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வந்தாலும் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குணமானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து நகரத்தில் இரண்டு நாள் ஓவியப் பட்டறை நடத்த இருக்கிறோம். பெண்கள் பெயர் தருகிறார்கள், வருவதில்லை. என்ன செய்யலாம்? (உவர்மலை)

பதில்: எத்தனை மணிக்கு வைத்திருக்கிறீர்கள்? பின்னேரம் நான்கு மணி என்றால் அது ரியூசனுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற நேரம், ஒரு தாயும் வரமாட்டார். பள்ளிக்கூட நாளில் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியுங்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு நாளை நான்கு காலைநேரமாகப் பிரியுங்கள். கைக்குழந்தையோடு வரலாம் என்று அறிவித்தலிலேயே போடுங்கள், போடாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிடுவார்கள். பக்கத்து அறையில் பாய் விரித்து, பால் கொடுக்க ஒரு திரை கட்டி, பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பேரைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள். அந்தச் சம்பளத்தைத் தாள், நிறம் வாங்குகிற கணக்கோடு சேர்த்தே பட்ஜெட்டில் எழுதுங்கள். மூதூர், கிண்ணியாவில் இருந்து வருகிறவர்களுக்கு பஸ் காசும் கொடுங்கள். பாய் விரிக்க ஆள் தேவை என்றால் எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.